ஒருவரிடம் ‘தீகான்மே’ என்று சொல்லாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. என்னிடம் ஸ்பானியம் படித்துவிட்டு வாடிக்கையாளர் சேவை வேலையில் சேர்ந்த பெண், மெக்சிகோவிலிருந்து பேசிய வயதான அம்மாவிடம் ‘எனக்குச் சொல்லுங்கள், அம்மா’ என்ற நினைப்பில் “தீகான்மே, சென்யோரா” என்றாள். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நான் தனியாகத்தான் இருக்கிறேன்” என்றார்.

மரியாதை கொடுக்கத்தான் அப்படிச் சொன்னாள். வம்பே அங்குதான். தமிழில் ‘சொல்லுங்கள்’ ஒருவருக்கும் ஆகும், ஒன்பது பேருக்கும் ஆகும். ஸ்பானியத்தில் மரியாதை வேறு, பன்மை வேறு. பெரியவர் ஒருவர் என்றால் ‘தீகா’. பலர் இருந்தால்தான் ‘தீகான்’. கடைசியில் வரும் அந்த ‘ன்’ ஆள் கணக்கு, மரியாதை இல்லை. எத்தனை முறை பலகையில் எழுதிப் போட்டாலும், பதற்றத்தில் தமிழ்ப் பழக்கம் முந்திக்கொள்கிறது.

ஒருவரை மரியாதையாக ‘நீங்கள்’ என்னும் ‘உஸ்தெத்’ என்ற சொல்லே ‘புவெஸ்த்ரா மெர்செத்’ என்ற பழைய மரியாதை விளி தேய்ந்து வந்தது. எதிரில் இருப்பவரையே படர்க்கையில் வைத்துப் பேசும் பணிவு அது. நம் பக்கம் “ஐயா சொல்லட்டும், செய்கிறேன்” என்பார்களே, ‘தீகா’ அதேதான். ஐயா ஒருவர்தானே? ‘தீகாமே’ என்று வாயெடுக்கும் முன் “அம்மா எனக்குச் சொல்லட்டும்” என்று மனதில் சொல்லிப் பாருங்கள், ‘ன்’ ஒட்டாது. (இங்கே நான் எழுதும் ‘தீ’, ‘நதி’யில் வருகிற ஒலியை நீட்டியது. ‘டீ’ என்று உச்சரிக்காதீர்கள்.)

உருவாக்குவது சுலபம். ‘நான் சொல்கிறேன்’ என்பது ‘தீகோ’. ஓ போய் ஆ வந்தால் ‘தீகா’. தெங்கோ (வைத்திருக்கிறேன்) தெங்கா ஆகும், ஆகோ (செய்கிறேன்) ஆகா ஆகும்.

நண்பரிடமும் குழந்தையிடமும் வெறும் ‘தி’, ‘எனக்குச் சொல்’ என்றால் ‘திமே’. நம் சொல், வா, போ மாதிரி ஓரசை. இங்கே போய் ‘தீசெஸ்’ என்கிறார்கள். அது ‘நீ சொல்கிறாய்’. ஏவல் இல்லை.

ஏவல் என்றாலே அதட்டல் என்று பயந்து வினையையே விழுங்குகிறவர்களும் உண்டு. ஸ்பெயினில் போனை எடுத்ததும் “தீகா?”, “தீகாமே?” என்றுதான் கேட்பார்கள். பயப்படாதீர்கள்.

எழுதும்போது ‘தீகா’வுக்குக் குறி வேண்டாம். ‘மே’ ஒட்டியதும் முதல் அசையின் ‘இ’ மேல் அழுத்தக் குறி போட்டே ஆக வேண்டும். மின்னஞ்சலில் இதை விடாதீர்கள்.

கடைசியாக ஒரு கெஞ்சல். “தீகாமே” என்று மரியாதையாகத் தொடங்கிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் “எஸ்பெரா” என்று நீ-போ-வா-வுக்கு இறங்காதீர்கள். காத்திருக்கச் சொல்லும் அந்த வினை வேறு இனம். அதில் மரியாதைக்கு ஏ வரும், ஆ வராது: “எஸ்பெரே.” கேட்கும் பெரியவருக்கு அந்த ஒரு உயிரெழுத்து சுருக்கென்று தைக்கும்.