குண்டாஸ் போட்டுவிட்டார்களா? ஜாமீனுக்கு ஓடும் முன் மனுவை அனுப்புங்கள்

குண்டாஸ் போட்ட ஆளை ஜாமீன் உத்தரவு வெளியே கொண்டுவராது. தருமபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் காசையும் நாளையும் கரைத்த பிறகுதான் பல குடும்பங்களுக்கு இது தெரிகிறது. குண்டாஸ் என்பது செய்த குற்றத்துக்கான தண்டனை இல்லை. இனிமேல் செய்துவிடுவார் என்று கலெக்டர் கையெழுத்திட்டு அடைத்து வைப்பது. விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்கலாம்.

சட்டம் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயம், கஞ்சா, மணல், வனக் குற்றம் என்று பட்டியல் நீளும். 1980-இன் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் இதே அச்சுதான். நாட்டின் பாதுகாப்புக்கு இப்படி ஓர் அதிகாரம் இருக்கலாம் என்று 1981-இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு அடைபட்டவர் கையில் இருப்பது அரசியலமைப்பின் பிரிவு 22(5): காரணத்தைச் சொல்ல வேண்டும், மறுத்து மனுப் போட விட வேண்டும். அந்தக் கொஞ்சத்தைத்தான் அலுவலகங்கள் அரைகுறையாக்குகின்றன. வாச்சாத்தி மலைக்கிராமத்தில் 1992-இல் அதிகாரிகள் நடத்திய வன்கொடுமைக்குத் தீர்ப்பு வர 2011 ஆனது, அது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அதிகாரிகள் எல்லாம் சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்று நம்பிச் சும்மா உட்கார வேண்டாம்.

அடைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். ஒரு தடித்த புத்தகமாகத் தருவார்கள். எண்ணிப் பாருங்கள்: பக்கம் விட்டுப்போயிருக்கும், ஜெராக்ஸ் கறுத்துப்போய்ப் படிக்கவே முடியாது, முக்கியமான காகிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். இவை அற்ப விஷயமில்லை, ஆணையே ரத்தாகும் காரணங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள் அதிகம். பேசும் அளவுக்குத் தமிழ் தெரிந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர்களிடமும் ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கன்னடம் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குக் கன்னட மொழிபெயர்ப்பு தர வேண்டும். வாயால் விளக்கினோம் என்பது செல்லாது. கையெழுத்துப் போடும்போது தேதியையும், தமிழ் படிக்கத் தெரியாது என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது மனு. இங்கேதான் பெரிய அலைக்கழிப்பு. கலெக்டர் அலுவலகத்தில் ‘ஆர்டர் போட்டாச்சு, இனி சென்னைதான்’ என்பார்கள். சென்னையில் ‘ஜெயில் மூலமா வரணும்’ என்பார்கள். இரண்டையும் நம்பாதீர்கள். கலெக்டர் போட்ட ஆணைக்கு அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். அதுவரை மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரம் கலெக்டருக்கே உண்டு. இதே போன்ற மகாராஷ்டிரச் சட்டத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் அப்படித்தான் சொன்னது. அதனால் கலெக்டருக்கு ஒன்று, தலைமைச் செயலகத்தில் உள்துறைச் செயலாளருக்கு ஒன்று, ஒரே நாளில் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் ஒன்று போகட்டும். தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்றால் டெல்லியில் மத்திய உள்துறைக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பட்டா மனுக்களோடு கலந்து, நீங்கள் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறீர்களோ அவர்களிடமே ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று போய்ச் சேரும்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வழக்கை ஜெயிக்க வைப்பது பெரும்பாலும் அந்தத் தேதிதான். அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்ததால் மனு சில நாள் கிடந்தது என்று அரசு சொன்ன தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், அந்தத் தாமதத்துக்காகவே உச்ச நீதிமன்றம் ஆளை விடுவித்தது. மனுவே போடாதவருக்கு இந்த வழி இல்லை.

அடைத்த 3 வாரத்துக்குள் விஷயம், அடைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போகும். ‘போர்டு’ என்றால்தான் எல்லாருக்கும் புரியும். அங்கே வக்கீல் வாதாட உரிமை இல்லை. ஆனால் வக்கீல் அல்லாத நண்பரோ உறவினரோ உதவிக்கு வரலாம், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ‘போர்டுல நமக்கு ஆள் இருக்கு’ என்று பணம் கேட்டு ஒருவர் வருவார், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

போர்டு முடியட்டும் என்று உயர் நீதிமன்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அடைபட்டவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனு நம் இரண்டு மாவட்டங்களுக்கும் சென்னையில்தான், மதுரையில் இல்லை. வக்கீலிடம் ஒன்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். ‘இதே மாதிரி வழக்கில் இன்னொருவருக்கு ஜாமீன் கிடைத்தது, இவரும் வெளியே வந்துவிடுவார்’ என்று ஆணையில் ஒரு வரி இருக்கும். அது உண்மையிலேயே இதே மாதிரி வழக்கா, அதன் காகிதம் புத்தகத்தில் இருக்கிறதா? 2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகக் கேட்டது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-ஐக் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று கேட்டு அலையவிட்டால் அது தவறு.

கடைசியில் குண்டாஸ் ரத்தாகி, சேலம் சிறை வாசலில் காத்திருந்தும் ஆள் வராமல் போவதுண்டு. குண்டாஸுக்குக் காரணமான மூல வழக்கில் யாரும் ஜாமீன் வாங்கியிருக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் காலத்திலேயே அதையும் கவனியுங்கள். வழக்கைப் பொறுத்து, பெரும்பாலும் 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.