மோதிரத்தின் குரலில் பேசும் டப்பா வளையம்

மெட்டல் டிடெக்டருக்குத் தங்கம் என்றால் என்னவென்று தெரியாது. விலை கூடிய கருவிக்கும் தெரியாது. நியூயார்க் நகரப் பூங்காக்களில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு புல்வெளியைத் துழாவுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சற்று எரிச்சலோடு ஒப்புக்கொள்வார்கள். திரையில் மோதிரத்துக்கு உரிய எண் வருகிறது, காதில் மோதிரத்துக்கு உரிய ஒலி கேட்கிறது, மண்டியிட்டுத் தோண்டினால் கையில் வருவதோ குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையம். பத்தடி தள்ளி இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று.

இந்த வளையங்களுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் 1959-இல் பிக்னிக் போன இடத்துக்கு டப்பாவைத் துளைக்கும் கருவியை எடுத்துவர மறந்துவிட்டு, கார் பம்பரில் இடித்துத் திறந்தார் என்பார்கள். அந்தக் கடுப்பில் உருவானதுதான் இழுத்துத் திறக்கும் மூடி. 1960-களில் அமெரிக்கா முழுக்கப் பரவிய அந்த மூடியில், இழுத்ததும் வளையமும் அதோடு ஒட்டிய நாக்குத் தகடும் தனியே கழன்று வந்துவிடும். குடித்தவர் அதைப் புல்லில் வீசிவிட்டுப் போய்விடுவார். கழன்று வராத மூடி 1975-இல் வந்த பிறகுதான் இந்தக் குப்பை குறைந்தது. அதற்குள் எறிந்தவையெல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. இரும்பைப்போலத் துருவாகி உதிரும் பழக்கம் அலுமினியத்துக்கு இல்லை.

கருவியின் கதை இன்னும் பழையது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. தொலைபேசியால் புகழ்பெற்றிருந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், கம்பிச் சுருள்களையும் ஒரு டெலிபோன் ரிசீவரையும் இணைத்து, உலோகம் அருகே வந்தால் ஒலி எழுப்பும் கருவியோடு வந்தார். குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்பிய தலைமை மருத்துவர் அங்கே மட்டும் தேட விட்டார். அது இருந்ததோ இடப்பக்கம். போதாக்குறைக்கு மெத்தைக்குள் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் வேறு ஒலியைக் குழப்பின. செப்டம்பரில் அதிபர் இறந்தார். பெல்லின் கருவி தோற்றது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதைத் தேடச் சொன்ன இடம்தான் தப்பு.

இன்றைய டிடெக்டரின் வட்டத் தட்டுக்குள்ளும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். ஒரு சுருளில் மின்னோட்டம் நொடிக்கு 5,000 முதல் 20,000 தடவை முன்னும் பின்னும் அலைகிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிடக்கும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்தச் சுழலும் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைக் கேட்பதற்கென்றே தட்டில் இரண்டாவது சுருள் ஒன்று இருக்கிறது. முதல் சுருளின் இரைச்சல் அதற்குக் கேட்காதபடி இரண்டையும் சரியான இடத்தில் பொருத்தியிருப்பார்கள். ஆகவே அதன் காதில் விழுவது மண்ணின் முணுமுணுப்பும் உலோகத்தின் பதிலும் மட்டுமே.

அந்தப் பதில் உடனே வருவதில்லை, சற்றே பிந்தி வருகிறது. எவ்வளவு பிந்துகிறது என்பதைத்தான் கருவி அளந்து திரையில் எண்ணாகக் காட்டுகிறது. வழவழப்பான தரையில் விட்ட கனத்த பம்பரம் நெடுநேரம் சுற்றும். மணலில் விட்ட சிறு பம்பரம் உடனே படுத்துவிடும். பெரிய வெள்ளிக் காசுக்குள் சுழல் மின்னோட்டம் முதல் பம்பரத்தைப்போலத் தாக்குப்பிடிக்கும், எண்ணும் உயரும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் இரண்டாவது வகை. உலோகத்தின் கடத்துதிறன், தடிமன், வளையத்தின் அகலம் எல்லாம் சேர்ந்து இந்த ஒற்றை எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டச் சொன்னால் கருவியால் முடியாது.

தங்கம் மாட்டிக்கொள்வது இங்கேதான். சுத்தத் தங்கத்தின் கடத்துதிறன் வெள்ளியினுடையதில் சுமார் 70 சதவீதம், அலுமினியத்தைவிட அதிகம். ஆனால் அமெரிக்காவில் கல்யாண மோதிரம் பெரும்பாலும் 14 காரட். நூறு பங்கில் ஏறக்குறைய 58 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். செம்பும் வெள்ளியும் தனித்தனியே அருமையான கடத்திகள்தாம். மூன்றையும் உருக்கிச் சேர்த்தால் கடத்துதிறன் கூடும் என்று தோன்றும். நடப்பதோ நேர்மாறு. ஒழுங்காக அடுக்கிய தங்க அணுக்களுக்கிடையே அந்நிய அணுக்கள் கண்டபடி வந்து உட்கார்ந்துகொள்ள, எலக்ட்ரான்கள் அவற்றில் முட்டிச் சிதறுகின்றன. கடத்துதிறன் பல மடங்கு சரிகிறது. கடத்துதிறன் குறைந்த தடித்த மோதிரமும், கடத்துதிறன் கூடிய மெல்லிய அலுமினிய வளையமும் கடைசியில் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. குப்பையை ஒதுக்கும் பொத்தானை அழுத்தினால் டப்பா வளையங்களோடு மோதிரங்களும் மௌனமாகிவிடும். அதனால் நகை தேடுகிறவர்கள் அந்தப் பொத்தானை நம்புவதில்லை, எல்லாவற்றையும் தோண்டுகிறார்கள்.

சங்கிலியின் பாடு இன்னும் மோசம். ஐந்து பவுன் சங்கிலியாக இருந்தாலும் கருவிக்கு அது பொடிப்பொடிக் கண்ணிகளின் வரிசைதான். கண்ணிகள் ஒன்றையொன்று சரியாகத் தொடாததால் பெரிய சுழலுக்கு வழியில்லை. சில சமயம் கொக்கி மட்டும் லேசாக முனகும். இதோடு ஆழம் வேறு. தட்டைவிட்டு நன்றாக விலகியிருக்கும் சிறு பொருளின் தூரம் இரட்டிப்பானால், போகும் புலமும் திரும்பும் புலமும் தனித்தனியே எட்டில் ஒன்றாகக் குறைந்து, பதில் 64-இல் ஒரு பங்காகிவிடும்.

தோண்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. புல்லை மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கம் வேரோடு இருக்க, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் மடிப்பார்கள். எடுத்ததும் மூடி மிதித்துவிட்டால் புல் பிழைத்துக்கொள்ளும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இதற்கெல்லாம் இடமே இல்லை. டிடெக்டரைப் பயன்படுத்தும் நிலையில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

சரி, மஞ்சளாக ஒரு மோதிரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செம்பாக இருந்தால் பச்சை பூத்திருக்கும், வெள்ளி கறுத்திருக்கும். மண்ணைக் கழுவியதும் பளிச்சென்று சிரித்தால் நல்ல அறிகுறி. உள்வளைவில் 14கே அல்லது 585 என்ற முத்திரை இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்கலாம். ஜி.எஃப்., ஜி.பி. என்றிருந்தால் நம் ஊர்க் கணக்கில் கவரிங். காந்தம் இழுத்தால் தங்கமில்லை; இழுக்காவிட்டால் தங்கம் என்றும் சொல்ல முடியாது, பித்தளையையும்தான் காந்தம் இழுக்காது.

எனக்குப் பிடித்த சோதனை தண்ணீரும் தராசும். மோதிரம் 5.20 கிராம் என்று கொள்வோம். தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துக் கணக்கைச் சுழியமாக்கி, மோதிரத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு இப்போது காட்டுவது மோதிரம் விலக்கிய நீரின் எடை. அது 0.40 என்றால், 5.20-ஐ 0.40-ஆல் வகுக்க, அடர்த்தி 13. பதினான்கு காரட் மஞ்சள் தங்கம் அந்த அளவில்தான் நிற்கும். பித்தளை என்றால் 8.5 அருகே வந்திருக்கும். ஆனால் தராசு நூறில் ஒரு கிராம் வரை காட்ட வேண்டும். பத்தில் ஒரு கிராம் மட்டும் காட்டும் சமையலறைத் தராசில் 0.4 என்பது 0.3 ஆகவும் 0.5 ஆகவும் தடுமாறலாம், விடை 10.4-இலிருந்து 17.3 வரை எங்கே வேண்டுமானாலும் விழும். வெள்ளியும் அதற்குள், 18 காரட்டும் அதற்குள். கல் பதித்த மோதிரத்துக்கும் உள்கூடான வளையலுக்கும் இந்த முறை உதவாது.

அடுத்தது உரைகல். நம் பத்தர்கள் மாற்றுப் பார்க்கும் அதே கறுப்புக் கல்தான், கட்டளைக்கல் என்று பழந்தமிழில் பெயர் பெற்றது. நகையை அதில் தேய்த்தால் ஒரு மஞ்சள் கீற்று விழும். அதன் மேல் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால், பித்தளைக் கீற்று நுரைத்து மறைந்துவிடும், தங்கம் நிற்கும். நைட்ரிக் அமிலம் தங்கத்திலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கப் பார்க்கும். பறித்ததை வைத்துக்கொள்ள வழியில்லாததால் காரியம் நடப்பதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் நான்கு குளோரைடுகள் ஒரு தங்க அயனியைச் சுற்றிக்கொண்டு திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும், தங்கம் கரையத் தொடங்கும். அதுதான் ராஜ திராவகம். இந்த இரண்டாவது அமிலத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் 14, 18, 22 காரட்டுக்கு என்று தனித்தனிப் புட்டிகள் விற்கிறார்கள். கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. கவரிங்கில் மேல்பூச்சு மட்டுமே கல்லில் ஒட்டி ஏமாற்றுவதுண்டு. அரத்தால் ஒரு கீறல் போட்ட இடத்தில் உரசினால் குட்டு வெளிப்படும்.

நகைக்கடையில் இருக்கும் எக்ஸ்ரே கருவிக்குக் கீறல் வேண்டாம். எக்ஸ்ரே பட்டு அணுவின் உள்கூட்டு எலக்ட்ரான் வெளியேற, அந்த இடத்தை மேலிருப்பது நிரப்பும்போது ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய ஆற்றலோடு எக்ஸ்ரே திரும்ப வருகிறது. இதுவரை சொன்னவற்றில் தங்கத்தைத் தங்கம் என்று நேரடியாக அடையாளம் காண்பது இது ஒன்றுதான். அதுவும் மேற்பரப்பிலிருந்து சில பத்து மைக்ரான் ஆழம்வரையே. தடித்த முலாம் அதையும் ஏமாற்றிவிடும்.

முத்திரை தேடிய உருப்பெருக்கியில் சில சமயம் வேறொன்றும் தெரியும்: இரண்டு பெயர்களின் முதலெழுத்து, ஒரு தேதி. நியூயார்க் மாநிலச் சட்டப்படி, 20 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் 10 நாட்களுக்குள் உரியவரிடமோ போலீசிடமோ ஒப்படைக்க வேண்டும். 5.20 கிராம், 14 காரட் என்றால் உள்ளே சுமார் மூன்று கிராம் சுத்தத் தங்கம். இருபது டாலருக்குள் அது அடங்காது. தராசையும் திராவகப் புட்டியையும் எடுத்து வைத்துவிட்டு, மோதிரத்தோடு காவல் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டியதுதான்.