இறக்கையில் வழியும் விளக்கெண்ணெய்

கிளோ இன்ஜின் (பொறிக்குப் பதில் கனன்று நிற்கும் கம்பிச் சுருளால் எரிபொருளைப் பற்றவைக்கும் சிறு இன்ஜின்) பூட்டிய மாடல் விமானம் இறங்கியதும் அதன் வலப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சைலன்சரில் தொடங்கி வால் வரை எண்ணெய் பிசுபிசுக்கும். காங்கேயம், பல்லடம் பக்கம் மேட்டுக்காட்டில் பறக்கவிட்டால் அதன்மேல் புழுதியும் அப்பிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும்போது கேட்கவே வேண்டாம். புதிதாக வரும் கல்லூரிப் பிள்ளைகள் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுகிறார்கள். கோளாறு எதுவும் இல்லை.

இந்த இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் கார் போலத் தனி ஆயில் சம்ப் (எண்ணெய்த் தொட்டி) கிடையாது. எரிபொருளே எண்ணெயையும் சுமந்து வருகிறது: மெத்தனால் என்ற ஆல்கஹால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், கூடவே பெரும்பாலும் 18 முதல் 20 சதவீதம் எண்ணெய். பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்த பிறகு மெத்தனால் எரிந்துபோகிறது. எண்ணெயில் பெரும்பகுதி எரியாமல், நுண்துளிகளாகப் புகையோடு வெளியேறுகிறது.

அந்த எண்ணெயில் பல சமயம் விளக்கெண்ணெயும் இருக்கும். ஈரோட்டு மஞ்சள் காடுகளில் ஊடுபயிராக நிற்கிறதே கொட்டமுத்து, அதிலிருந்து எடுப்பதுதான். மற்ற தாவர எண்ணெய்கள் மெத்தனாலில் சரியாகக் கரையாது. விளக்கெண்ணெயில் மிகுதியாக உள்ள ரிசினோலெயிக் அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால் இது கரைகிறது. அதிகச் சூட்டிலும் உலோகத்தை விடாமல் பிடித்திருக்கும். அதே குணத்தால்தான் சைலன்சரில் பழுப்பு வார்னிஷாகக் காய்ந்தும் போகிறது. செயற்கை எண்ணெய் துடைக்கச் சுலபம். ஆனால் இன்ஜின் தப்பித்தவறிச் சூடேறினால் விளக்கெண்ணெய் அளவுக்குக் காப்பாற்றாது. அதனால்தான் பலர் இரண்டையும் கலக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு எண்ணெய்? ஒரு கிலோ மெத்தனால் எரிய சுமார் 6.4 கிலோ காற்று போதும், பெட்ரோலுக்கு 14.7 கிலோ வேண்டும். அதாவது, உள்ளே போகும் அதே காற்றுக்கு மெத்தனால் இரண்டு மடங்குக்கு மேல் செலவாகும்; கலக்கும் எண்ணெயின் விகிதமும் அதிகம். 300 மில்லி டாங்கில் 20 சதவீதம் என்றால் 60 மில்லி எண்ணெய். அதே காற்றுக்கு ஈடான பெட்ரோலில் 30 பங்குக்கு 1 பங்கு எண்ணெய் என்று கலந்தால், எண்ணெய் 4 மில்லிகூட வராது. பெரிய விமானம் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் இன்ஜினுக்கு மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காகக் கிளோ எரிபொருளில் எண்ணெயைக் குறைக்கவே கூடாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குறைக்க வேண்டியது விமானத்தின்மேல் படியும் எண்ணெயை.

பறக்கும் விமானத்தின் மேற்பரப்பை ஒட்டிய காற்று ஏறக்குறைய நகராமலே நிற்கும். சைலன்சர் வாய் உடலுக்குப் பக்கத்தில் இருந்தால், துளிகள் அந்த மந்தமான அடுக்கில் விழுந்து படலமாகப் பின்னால் ஊர்ந்து போகும். சைலன்சர் வாயில் ஒரு சிலிக்கோன் குழாயை மாட்டி, கீழ்நோக்கி, உடலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டராவது தள்ளிப் போகும்படி வளையுங்கள். துளிகள் குழாய்ச் சுவரிலேயே ஒன்றுசேர்ந்து பெருத்து, நுனியிலிருந்து விலகி விழும். நுனியைச் சாய்வாக வெட்டி, திறப்பு பின்பக்கம் பார்க்கும்படி வைத்தால் எதிர்க்காற்று உள்ளே புகாது. ஒன்று முக்கியம்: குழாயின் உள்விட்டம் சைலன்சர் வாயைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. சைலன்சர் அழுத்தம்தான் டாங்கிலிருந்து எரிபொருளைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் மாறினால் கலவையும் மாறும். அதனால் குழாய் மாட்டியதும் நீடிலை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.

நீடில் ரொம்பத் திறந்திருந்தால் எரியாத எரிபொருளே எண்ணெயோடு வெளியே கொட்டும். உச்ச வேகம் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சற்றே திறந்து வையுங்கள். உச்சத்தையும் தாண்டி மூடினால் இன்ஜின் கொதித்துப் போகும்.

சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடத்தில் கறுப்பாகக் கசிகிறதா என்றும் பாருங்கள். திருகை முறுக்கி, சூடு தாங்கும் சீலன்ட் தடவினால் நின்றுவிடும்.

மீதியைத் துடைக்கப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய்க் குளியலுக்கு அரப்பு போடுகிறோமே, அதிலுள்ள சப்போனின் செய்யும் வேலையைத்தான் சோப்பும் செய்கிறது: மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். தண்ணீரை நேராக ஊற்றாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். மெத்தனால் விஷம் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் பூட்டும் பலகையிலும் டாங்க் அறையிலும் முதல் பறப்புக்கு முன்பே எபாக்சி பூசிவிடுங்கள். எண்ணெய் ஊறிய பால்சா மரத்தில் அப்புறம் எந்தப் பசையும் பிடிக்காது.