பவர் லீவரில் வைத்த கை: டர்போபிராப் விமானத்தில் அவசரப்படக் கூடாத மூன்று இடங்கள்

சேலம் காமலாபுரத்து ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர். கோவை பீளமேட்டில் இருப்பது கிட்டத்தட்ட 3,000 மீட்டர். உடான் திட்டத்தில் சேலத்துக்கு விமானம் வந்து போக முடிந்ததற்கு ஏடிஆர் 72 ரக டர்போபிராப் விமானம் முக்கியக் காரணம். ஏறும்போது படியிலேயே நின்று, "ஏனுங்க, ஃபேன் வெச்ச பிளேனுங்களே, இது பழசுங்களா?" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

பழசு இல்லை. உள்ளே இருப்பது டர்பைன் இன்ஜின்தான். அது கியர்பாக்ஸ் வழியாகப் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. குறைந்த தூரத்துக்கு எரிபொருள் மிச்சம், குட்டை ஓடுபாதை போதும். இன்ஜினைப் பற்றிப் பயணிகள் கவலைப்பட ஒன்றுமில்லை. நான் கவலைப்படுவது இரண்டு விமானிகளுக்கும் நடுவே இருக்கிற லீவர்களைப் பற்றி. ஏடிஆர் ஓட்டிவிட்டு இப்போது சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில், எங்கள் பகுதியில் இருந்து பைலட் படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் படிக்க வைக்கிற பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஜெட் விமானத்தில் இன்ஜினுக்கு ஒரு லீவர். டர்போபிராப்பில் பெரும்பாலும் இரண்டு. பவர் லீவர் எவ்வளவு சக்தி வேண்டும் என்று சொல்லும். கண்டிஷன் லீவர் புரொப்பெல்லரைப் பறக்கும் நிலையில் வைக்கும், ஃபெதர் செய்யும், எரிபொருளையும் நிறுத்தும். ஃபெதர் என்றால் என்னவென்று புரிய உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்தால் போதும். காற்று அளவுக்கு மீறினால் இறக்கைகள் தன் அச்சிலேயே திரும்பி விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நின்றுகொள்ளும். செத்துப்போன இன்ஜினின் புரொப்பெல்லரையும் அப்படித் திருப்பினால்தான் அது காற்றைத் தடுக்காமல் இருக்கும். நல்ல இன்ஜினின் புரொப்பெல்லரை அப்படித் திருப்பினால்? இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், இழுவை மட்டும் இருக்காது.

முதல் ஆபத்து ஃப்ளைட் ஐடிலுக்குக் கீழே இருக்கிறது. பவர் லீவரைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் தட்டி நிற்கும். அதுதான் ஃப்ளைட் ஐடில். அதற்கு மேலே இருக்கும்வரை புரொப்பெல்லரின் வேகத்தை கவர்னர் என்கிற தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்கிறது, புரொப்பெல்லர் இறக்கைகளின் கோணத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. அதற்குக் கீழே போனால் பீட்டா எல்லை. அங்கே லீவரே நேராகக் கோணத்தை அமைக்கும். தரையில் வேகம் குறைக்கவும் பின்னோக்கித் தள்ளவும் அது தேவை. வானத்தில் அதைத் தொட்டால் ஏடிஆரில் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த விட்டமுள்ள புரொப்பெல்லர் தட்டைச் சுவராகி எதிர்க்காற்றைத் தடுக்கும். எதிர்க்காற்றே புரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்ற, அது வேக வரம்பைத் தாண்டி ஓடும்.

2011 அக்டோபர் 13 அன்று பப்புவா நியூ கினியில் மடாங் நகரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஒரு டேஷ் 8 விமானத்தில் அதுதான் நடந்தது. இறக்கத்தில் வேகம் ஏறிக்கொண்டே போய் எச்சரிக்கை ஒலித்தது. பவர் லீவர்கள் ஃப்ளைட் ஐடிலைத் தாண்டிப் பின்னால் போயின. இரண்டு புரொப்பெல்லரும் கட்டுமீறிச் சுழன்று, இரண்டு இன்ஜினும் வீணாகி, விமானம் காட்டில் இறங்கியது. 32 பேரில் 28 பேர் இறந்தார்கள். 2002 நவம்பர் 6 அன்று லக்ஸம்பர்க்கில் பனிமூட்டத்தில் இறங்கிய ஃபாக்கர் 50 கதையும் கிட்டத்தட்ட இதேதான், 22 பேரில் 20 பேர். அந்த விமானத்தில் லீவரைத் தடுக்க இரண்டாவதாக ஒரு மின் பூட்டும் இருந்தது. ஆனால் சக்கரத்தை இறக்கும்போது சில நொடிகள் அந்தப் பூட்டு விலகிவிடக்கூடிய ஒரு குறை அதில் இருந்தது. பூட்டு இருக்கிறது என்று நம்பிக் கையை அலட்சியமாக வைக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நம் ஊரில் இதை நினைத்துப் பார்க்க வேண்டிய காலம் ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்று பீளமேட்டில் இறங்குகிற விமானத்தைத் தூக்கிப் போடும். வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். உயரமாகவும் வேகமாகவும் வந்துவிட்டோம் என்று தெரிந்தவுடன் கை தானாக லீவரை இழுக்கும். பல டர்போபிராப்களில் லீவரைத் தூக்கியோ விசையை அழுத்தியோதான் அந்தத் தடையைத் தாண்ட முடியும். அதனால் காற்றில் இருக்கும்வரை விரல் அந்த விசைக்குப் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. உள்ளங்கை லீவர் தலைமேல், விரல்கள் முன்பக்கம், அவ்வளவுதான். ஐடிலுக்கு வந்தும் வேகம் குறையவில்லை என்றால் இழுக்க இனி ஒன்றுமில்லை. பவர் கொடுத்துச் சுற்றி வர வேண்டும். கோ-அரவுண்ட் செய்ததற்காக யாரும் வேலை இழக்கக் கூடாது, இழக்க வைக்கிற நிறுவனம் நல்ல நிறுவனம் இல்லை.

இரண்டாவது ஆபத்து, செத்த இன்ஜினை விட்டுவிட்டு உயிரோடு இருக்கிற இன்ஜினை நிறுத்துவது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் கிளம்பிய ட்ரான்ஸ்ஏஷியா 235-இல் நடந்தது இது. ஏடிஆர் 72-600, இரண்டாம் எண் புரொப்பெல்லர் தானாக ஃபெதராகிவிட்டது. அதற்குக் காரணம் ஒரு சின்ன மின்னணுப் பெட்டியில் இருந்த கோளாறு. ஏடிஆரில் இந்த நிலைமைக்கு ஏற்பாடு உண்டு: டேக்-ஆஃபில் ஒரு பக்கம் போனால் அதை ஃபெதர் செய்து, மறுபக்கத்துக்குத் தானே கூடுதல் சக்தி தந்துவிடும். விமானிகள் நேராகப் பறந்து உயரம் ஏறியிருந்தாலே போதும். ஆனால் கேப்டன் சில நொடிகளிலேயே முதலாம் எண் பவர் லீவரைப் பின்னால் இழுத்தார், பிறகு அந்த இன்ஜினையே நிறுத்திவிட்டார். எச்சரிக்கை ஒலித்ததில் இருந்து கீலுங் ஆற்றில் விழுந்தது வரை சுமார் 2 நிமிடங்கள். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். தவறான பக்கத்தை இழுத்துவிட்டோம் என்று கேப்டனே கடைசி நொடிகளில் சொன்னது குரல் பதிவில் இருக்கிறது.

அதே பதிவில் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. லீவரை இழுக்கப்போவதாகக் கேப்டன் சொன்னபோது, பொறுங்கள், சரிபார்ப்போம் என்ற பொருளில் பக்கத்து இருக்கையில் இருந்து குரல் வந்திருக்கிறது. குரல் வந்தது, கை நிற்கவில்லை.

இது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பொருந்தும் என்று நினைக்கிறேன். கொங்கு நாட்டில் பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கம் கிடையாது, பேசினாலும் மரியாதை சேர்த்துத்தான் பேசுவோம். சிமுலேட்டரில் ஒரு தம்பி, பவானிப் பக்கத்துப் பையன், நல்ல அறிவாளி. இடது இன்ஜினைச் செயலிழக்க வைத்தேன். கேப்டன் இருக்கையில் இருந்தவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தபடி, அவர் வலது கண்டிஷன் லீவரில் கை வைத்தார். தம்பிக்குத் தவறு உடனே தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "சார், ஒரு நிமிஷமுங்க, எனக்கென்னமோ அது வந்துங் சார்..." என்று ஆரம்பித்தான். வாக்கியம் முடிவதற்குள் லீவர் போய்விட்டது.

பிறகு உட்கார்ந்து பேசினோம். "ஏங்கண்ணு, தெரிஞ்சும் ஏன் கையைப் புடிக்கலே?" என்றேன். "கேப்டன் கையை எப்படீங் சார் புடிக்கறது?" என்றான். பிடிக்கலாம். பிடிக்க வேண்டும். "ஸ்டாப்" என்று ஒரே வார்த்தை, சத்தமாக, கூடவே அந்த லீவரின் மேல் உன் கையும். மரியாதையைத் தரையிறங்கிய பிறகு காட்டிக்கொள்ளலாம். மூத்த கேப்டன்களுக்கும் சொல்கிறேன்: அப்படித் தடுத்த பிள்ளையைப் பறந்து முடித்ததும் முதலில் பாராட்டுங்கள், அவன் சொன்னது தவறாகவே இருந்தாலும்.

சரியான முறை மெதுவானது. ஓட்டுகிறவர் முதலில் விமானத்தை நேராக வைத்திருக்க வேண்டும். தரையில் இருந்து 400 அடி தாண்டும்வரை லீவர்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் டார்க், அதாவது இன்ஜின் புரொப்பெல்லரைச் சுற்றுகிற முறுக்குவிசை, எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, எந்தக் கால் பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறது, எந்தப் புரொப்பெல்லரின் சுற்று குறைந்திருக்கிறது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மிதிக்காத கால் இருக்கிற பக்கம்தான் செத்த இன்ஜின். ஒருவர் லீவரைத் தொட்டு எண்ணைச் சொல்வார், மற்றவர் கண்ணால் பார்த்து உறுதி என்று சொல்வார், அதன் பிறகே லீவர் நகரும். உறுதி என்பது பார்க்காமலே வாயில் வருகிற பதிலாக ஆகிவிட்டால் இந்த முறையால் எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவது ஆபத்துக்கு இன்ஜின் கோளாறே தேவையில்லை. 2023 ஜனவரி 15, நேபாளத்தின் பொக்காரா. விமான நிலையமே அந்த மாதம் 1-ஆம் தேதிதான் திறக்கப்பட்டிருந்தது. எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72, அதில் இருந்த 72 பேரும் இறந்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவர் புது நிலையத்துக்குப் பழகிக்கொண்டிருந்த கேப்டன். பக்கத்தில் இருந்தவர் பயிற்றுநராகவே இருக்கிற மூத்த கேப்டன். தரையில் இருந்து சுமார் 700 அடி உயரத்தில் ஃப்ளாப் 30 கேட்கப்பட்டது, அதாவது இறக்கையின் பின்விளிம்புத் தட்டுகளை 30 என்ற நிலைக்கு இறக்கச் சொன்னார். ஃப்ளாப் 30 என்று பதிலும் வந்தது. ஆனால் நகர்ந்தது ஃப்ளாப் லீவர் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு கண்டிஷன் லீவர்களும் ஃபெதருக்குப் போய்விட்டன. இறங்குவதற்கு முந்தைய சரிபார்ப்புப் பட்டியலும் படிக்கப்பட்டது, யார் கண்ணிலும் படவில்லை. இன்ஜினில் சக்தி வரவில்லை என்று சொல்கிறார்கள், பவர் லீவரை முழுக்கத் தள்ளுகிறார்கள். ஃபெதரில் நிற்கிற புரொப்பெல்லர் எவ்வளவு தள்ளினாலும் இழுக்காது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் "அதெப்படி அந்த லீவரும் இந்த லீவரும் மாறிப் போகும்?" என்றுதான் கேட்பார்கள். ஃப்ளாப் லீவரின் தலை விமான இறக்கை வடிவிலும் சக்கர லீவரின் தலை சக்கர வடிவிலும் இருக்க வேண்டும் என்று தகுதிச் சான்று விதிகளே சொல்கின்றன. தொட்டாலே தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் தொட்டதைக் கவனிக்கிற மனசு வேறெங்கோ இருந்தால் வடிவம் என்ன செய்யும்? புது ஓடுபாதை, சுற்றிலும் மலை, நெருக்கமான வளைவு, ஒரே நாளில் அதே தடத்தில் மறுபடி மறுபடி வந்து போகிற ஓட்டம், அதன் நடுவே பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு. விசாரணை அறிக்கையும் வேலைப்பளுவையும், தேவையில்லாத பேச்சைத் தவிர்க்க வேண்டிய நேரத்தில் அந்த ஒழுங்கு இல்லாததையும் குறிப்பிட்டது.

என்னிடம் வருகிறவர்களுக்கு ஃப்ளாப் லீவரை இப்படித்தான் பழக்குகிறேன். கேட்டவுடன் கை போகக் கூடாது. வேகம் வரம்புக்குள் இருக்கிறதா என்று முதலில் பார். கண் லீவருக்குப் போகட்டும், அப்புறம் கை போகட்டும். தலையின் வடிவத்தை விரலால் உணர். நகர்த்திய பிறகு கையை எடுத்துவிடாதே, ஃப்ளாப் காட்டி நகர்ந்து 30-க்கு வந்து நிற்கிறதா என்று பார், பார்த்த பிறகு சொல். வாய் முந்தி, கண் பிந்தினால் அந்தப் பதிலுக்கு மதிப்பே இல்லை. இதற்கு மூன்று, நாலு நொடி ஆகும். அந்த நொடிகள் எந்த இறக்கத்திலும் இருக்கின்றன.

இன்னொன்று. ஏதாவது ஒன்றைத் தொட்ட அடுத்த நொடியில் விமானத்தின் சத்தமோ நடத்தையோ மாறினால், கடைசியாகத் தொட்டதை முதலில் பார். இன்ஜினைச் சந்தேகப்படுவது அதற்கு அப்புறம். சிமுலேட்டரில் வேண்டுமென்றே இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். டார்க் விழுவது எப்படி இருக்கும், சுற்று குறையும் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்க வேண்டும். பயிற்சிக்குப் பணம் கட்டுகிற பெற்றோர், எத்தனை மணி நேரம் பறக்க வைப்பீர்கள் என்று கேட்பதோடு, இரண்டு விமானிகள் சேர்ந்து லீவரைக் கையாளுகிற பயிற்சி எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள்.

பயணிகளுக்கு ஒரு விஷயம். சேலத்தில் இறங்கியவுடன் புரொப்பெல்லர் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், உடம்பு முன்னால் தள்ளும். அது நான் மேலே சொன்ன பீட்டா எல்லைதான், இருக்க வேண்டிய இடத்தில் நடக்கிறது. மூக்குச் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் லீவர் அங்கே போகும். இரண்டு புரொப்பெல்லரும் தாழ்கோணத்துக்கு வந்துவிட்டதாக விளக்குகள் காட்டுவதை ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர் ரிவர்ஸ் கொடுப்பார். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் ரிவர்ஸ் கிடையாது, பிரேக்கில்தான் நிறுத்துவோம்.