கட்லட் உடைவது தாச்சியில், காரணம் பானையில்

கொழும்பு வெள்ளவத்தைச் சிற்றுண்டிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும் உருண்டைக் கட்லட், மாக்கரைசலிலோ முட்டையிலோ தோய்த்து, றஸ்க் தூளில் புரட்டி, எண்ணெயில் மூழ்கப் பொரித்தது. உள்ளே கிழங்கு எவ்வளவு குழைந்திருந்தாலும் அந்தத் தூள் உறை அதைத் தாங்கிக்கொள்ளும். வீட்டில் மூன்று நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் தட்டையாகச் சுட்டெடுக்கும் உருளைக்கிழங்குக் கட்லட்டுக்கு அந்த உறை இல்லை. அது உடைந்தால் தாச்சியையும் நெருப்பையும் குறை சொல்கிறோம். ஆனால், உடையுமா உடையாதா என்பது கிழங்கை அவிக்கும்போதும் ஆறவிடும்போதுமே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

உருளைக்கிழங்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு நீர். மீதியில் பெரும்பகுதி மாப்பொருள். அது கிழங்கின் கலங்களுக்குள் (உயிரணுக்களுக்குள்) சிறு மணிகளாக அடைபட்டிருக்கிறது. நீரின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இந்த மணிகள் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கும். சூடு இன்னும் ஏற, கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் கரைந்து தளர்ந்துவிடும். நன்றாக அவிந்த, மாத்தன்மை கூடிய கிழங்கு ஒன்றைக் கையால் பிட்டு, பிளந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நுண்ணிய மணல் தூவியதுபோல் மினுங்கும். உடையாமல் பிரிந்து நிற்கும் கலக் கூட்டங்களே அப்படித் தெரிகின்றன.

அந்தக் கலங்களை உடைக்காமல் பிரிப்பதுதான் மசிப்பதில் உள்ள கலை. சூடாக இருக்கும்போதே முள்ளுக்கரண்டியாலோ மத்தாலோ இலேசாக அமுக்கினால் கலங்கள் வழுக்கி விலகும். ஆறவிட்டு மசித்தால் பெக்டின் மறுபடி இறுகியிருக்கும், கூடுதலாக அழுத்த வேண்டிவரும், கலச்சுவர்கள் கிழியும். கிறைண்டரில் போட்டால் சொல்லவே வேண்டாம். உள்ளிருக்கும் மாப்பொருள் முழுவதும் வெளியே கொட்டி, விரலில் இழுபடும் பசையாகிவிடும். அந்தப் பசையில் கட்லட் சுட்டால் மேற்புறம் கருகினாலும் உட்புறம் சவ்வுபோலவே இருக்கும். அதைத் திருத்த எனக்குத் தெரிந்து வழியில்லை.

கிழங்கைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் கிழங்கு, யாழ்ப்பாணத்துச் செம்மண் கிழங்கு, இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வரும் கிழங்கு எல்லாமே கொழும்புச் சந்தைகளுக்கு வருகின்றன. எது மாத்தன்மை கூடியது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கோப்பை உப்பைப் பதினொரு கோப்பை நீரில் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மாப்பொருள் கூடிய கிழங்கு அடர்த்தியானது என்பதால் அமிழும், நீர்த்தன்மை கூடியது மிதக்கும். மிதப்பதிலும் கட்லட் செய்யலாம், ஆனால் ஈரத்தைப் போக்கக் கூடுதல் பாடுபட வேண்டும்.

அந்த ஈரம்தான் முதல் எதிரி. தோலோடு முழுதாக அவித்தால் கிழங்குக்குள் நீர் ஏறுவது குறையும். நீரை வடித்துத் தோலுரித்ததும் வெறும் பானையில் போட்டு, இலேசான நெருப்பில் இரண்டு நிமிடம் ஆவி பறக்கக் குலுக்குங்கள். கொழும்பின் கடற்காற்றில் ஈரப்பதன் அதிகம் என்பதால் சும்மா வைத்தால் கிழங்கு எளிதில் காயாது. சூட்டோடு மசித்த பின் தட்டில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்தால் பலன் தெரியும். வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் பச்சையாகச் சேர்த்தால் உப்பு அவற்றின் நீரை வெளியே இழுத்துவிடும். வதக்கி, ஆறவைத்துச் சேர்ப்பதே நல்லது.

அடுத்தது ஆறவிடுதல். இதைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். சூட்டில் விரிந்து கலைந்த மாப்பொருள் மூலக்கூறுகள், ஆறும்போது ஒன்றையொன்று நெருங்கி மீண்டும் ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. பாண் மறுநாள் விறைப்பதற்கும் இந்த மாற்றமே முக்கிய காரணம். பாணில் நமக்குப் பிடிக்காத அதே விறைப்புத்தான் கட்லட்டைக் கட்டிப் பிடிக்கிறது. மாப்பொருளின் அமைலோஸ் என்ற நீள்சங்கிலிப் பகுதி சில மணி நேரத்திலேயே இப்படி இறுகிவிடும். குளிர் அதை விரைவுபடுத்தும். எனவே ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். முதல் நாள் இரவே தட்டி வைத்தால் இன்னும் நல்லது. வெளியே மேசையில் நெடுநேரம் விடக்கூடாது. கொழும்பின் வெப்பம் அவித்த கிழங்கில் பற்றீரியா பெருக உகந்தது.

அவித்த கிழங்குக்குக் குளிர் நல்லது என்பதால் பச்சைக் கிழங்கையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அந்தக் குளிரில் உயிருள்ள கிழங்கு தன் மாப்பொருளின் ஒரு பகுதியைச் சீனியாக மாற்றிக்கொள்ளும். அத்தகைய கிழங்கு தாச்சியில் சீக்கிரம் கருகும். இருட்டான, காற்றோட்டமுள்ள கூடையே அதற்குரிய இடம். நம் வெக்கையில் முளைவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும்.

இனித் தாச்சி. எண்ணெய் நன்றாகச் சூடான பின் கட்லட்டை வைத்ததும் படபடவென்று இரைச்சல் எழும். மேற்பரப்பு நீர் ஆவியாகும் ஒலி அது. நீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது, நிறமும் வராது. நீர் வற்றி, சூடு 140 பாகையை நெருங்கும்போதுதான் அமினோ அமிலங்களும் வெல்லங்களும் (சீனி வகைகளும்) கூடிப் பொன்னிறத்தையும் மணத்தையும் தரும் இரசாயனத் தாக்கம் வேகமெடுக்கிறது. பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்த தாக்கம் இது. ஈரமுள்ள முகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும், பொருக்கு உருவானதும் தானாக விடும். ஆகவே இரைச்சல் தணியும்வரை அகப்பையைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். நடுத்தர நெருப்பில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் அளவில் போதும்.

பொன்னிறத்தில் நிறுத்துவதற்கும் காரணமுண்டு. கிழங்கில் நிறைந்துள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், வெல்லங்களோடு 120 பாகைக்கு மேல் சேரும்போது அக்ரிலமைட் உருவாகிறது. விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கும் இந்தப் பொருள் பொரித்த உணவுகளில் இருப்பதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். கரும்பழுப்பாகும்வரை விட்டால் அது கூடும்.

எண்ணெய் குடிப்பதும் பெரும்பாலும் அடுப்பில் நடப்பதில்லை. பொரியும்போது உள்ளிருந்து சீறிவரும் நீராவி எண்ணெயை உள்ளே விடாமல் தள்ளுகிறது. இறக்கிய பின் அந்த ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்க, உள்ளே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் இழுபட்டு உள்ளே போகிறது. எனவே தாச்சியின் ஓரத்தில் சாய்த்து எண்ணெயை வடித்து, சூடு ஆறுமுன்பே இருபக்கமும் தாளில் ஒற்றிக் கம்பித் தட்டில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வெளிவரும் ஆவியிலேயே பொருக்கு நமுத்துவிடும்.