எஃப்.ஐ.ஆர். முதல் அப்பீல் வரை: குழந்தைக்காக வழக்கு நடத்தும் பெற்றோருக்கு என்ன உரிமை?

குழந்தைக்கு எதிரான குற்றத்தில் வழக்கை நடத்துவது அரசுதான். புகார் கொடுத்த அப்பா அம்மாவுக்கு அதில் சாட்சிக்கூண்டு ஏறுவதைத் தவிர வேலை இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில காவல் நிலையங்களில் அப்படித்தான் சொல்லியும் அனுப்புகிறார்கள். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம், பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் அவருடைய காப்பாளரையும் வாரிசையும் சேர்த்தே வைத்திருக்கிறது. குழந்தை உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பெற்றோர் கேள்வி கேட்கலாம்.

முதல் சிக்கல் பெரும்பாலும் காவல் நிலைய வாசலிலேயே வரும். கடலூர், புதுச்சேரி எல்லையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி. பிள்ளை படிப்பது பாகூர் பக்கம், வீடு ரெட்டிச்சாவடி பக்கம் என்று இருக்கும் குடும்பங்கள் ஏராளம். சம்பவம் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம் என்றால் “இது எங்க லிமிட் இல்லம்மா, அங்க போங்க” என்ற பதில் வரும். இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. புதிய சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் முதலில் போன காவல் நிலையத்திலேயே புகாரைப் பதிவு செய்ய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். உரிய நிலையத்துக்கு அதை மாற்றி அனுப்புவது போலீஸின் வேலை. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இன்னொன்று சி.எஸ்.ஆர். ரசீது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகாரை வாங்கிக்கொண்டு இந்த ரசீதைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். கையில் முத்திரை வைத்த காகிதம் வந்ததும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பிப் பல வாரம் காத்திருப்பவர்கள் உண்டு. சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல, புகார் வந்ததற்கான ரசீது மட்டுமே. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே தீர்ப்பளித்துவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி.யின் அனுமதி பெற்று, முதற்கட்ட விசாரணை நடத்தலாம். அதற்கும் 14 நாட்கள்தான் அவகாசம்.

பதிவு செய்ய மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பிறகு அதுதான் ஆதாரம். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். கூடவே பிரமாண வாக்குமூலம் வேண்டும். அதில் இந்தத் தபால் ரசீதும் சேரும். எஸ்.பி.க்கு எழுதாமல் நேராகக் கோர்ட்டுக்கு ஓடினால் மனு திரும்பி வர வாய்ப்பு அதிகம். பாலியல் குற்றம் என்றால், போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றத்திலேயே நேரடியாகப் புகார் கொடுக்கவும் வழி உண்டு. போக்சோ புகாரைப் பதிவு செய்யாமல் விடுவது 21-வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். சத்தம் போட வேண்டாம், அந்தப் பிரிவைப் புகாரின் கடைசி வரியில் எழுதினாலே போதும்.

போக்சோ வழக்கில் குழந்தையை எப்படி நடத்த வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். அதிகாரி சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் முதல் சிகிச்சை இலவசம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போயிருக்க வேண்டும். வழக்கு முடியும் வரை துணை நிற்க ஓர் ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். யாரும் வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்று வரும் கட்டமும் உண்டு. பணம், கல்யாணப் பேச்சு, “பிள்ளை பேர் கெட்டுடும்” என்று எல்லாம் வரும். போக்சோ குற்றத்தைச் சமரசம் செய்துகொள்ளப் பெற்றோருக்கு அதிகாரமே கிடையாது. ராஜஸ்தான் ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கில், மாணவியின் அப்பாவுடன் சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்தது. பஞ்சாயத்தில் கையெழுத்துப் போட்டாலும் வழக்கு முடிந்துபோகாது, குழந்தையின் சாட்சியம்தான் பலவீனமாகும்.

குழந்தை மர்மமாக இறந்திருந்தால் அவசரம் இன்னும் அதிகம். சந்தேகம் இருந்தால் அதை எழுத்தில் கொடுங்கள், பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கக் கேளுங்கள். உடலை எரித்துவிட்டால் மறு பரிசோதனைக்கு வழி இல்லை. 2022-ல் கனியாமூர் பள்ளி மாணவி இறந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. பின்னர் இரண்டு அறிக்கைகளையும் ஜிப்மர் மருத்துவர் குழு ஆராய்ந்தது. ஆனால் பெற்றோர் தரப்பு மருத்துவரையும் உடன் வைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. கேட்பதற்கு முன் இந்த எல்லையும் தெரிந்திருப்பது நல்லது.

விசாரணை தொடங்கி 90 நாட்களுக்குள் அது எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ சொல்ல வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 193-வது பிரிவு. பாலியல் வன்முறை வழக்குகளிலும் போக்சோவின் முக்கியமான பிரிவுகளிலும் விசாரணையையே இரண்டு மாதத்தில் முடித்துவிட வேண்டும். நடைமுறையில் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

என் பார்வையில் பெற்றோர் அதிகம் ஏமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். “மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்”, அதாவது புகாரில் சொன்னது உண்மை நிலை அல்ல என்று வழக்கை முடித்து, போலீஸ் கோர்ட்டில் அறிக்கை போட்டுவிடும். வழக்கை முடித்ததைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸில் என்ன ஏது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பி இருப்பார்கள். அந்த அறிக்கையை ஏற்பதற்கு முன் புகார்தாரரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று பகவந்த் சிங் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆட்சேப மனு போட்டு, யாரை விசாரிக்கவில்லை, எந்த செல்போன் பதிவை எடுக்கவில்லை, எந்த கேமராவைப் பார்க்கவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மாஜிஸ்திரேட் மேல் விசாரணைக்கு உத்தரவிடலாம், தானே வழக்கைக் கோப்பில் எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். எனவே போலீஸ் நீட்டும் எந்தத் தாளையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். படிக்கத் தெரியாவிட்டால், படித்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கோர்ட்டில் அரசு வழக்கறிஞர்தான் வாதாடுவார். ஆனாலும் அவருக்கு உதவத் தனி வக்கீல் வைக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். போக்சோ சட்டத்தின் 40-வது பிரிவு குழந்தைக்கு அந்த உரிமையை நேரடியாகவே தருகிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தர வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது. கடலூர் மாவட்டத்தில் மாவட்ட ஆணைக்குழுவும் தாலுகா குழுக்களும் நீதிமன்ற வளாகங்களில் இருக்கின்றன. புதுச்சேரிக்குத் தனி ஆணையம். 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். 16 வயதுக்குட்பட்ட பெண் குழந்தை மீதான பாலியல் வன்முறை வழக்கில் ஜாமீன் மனு வரும்போது புகார்தாரரோ அவர் சார்பில் ஒருவரோ கோர்ட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அரசே வழக்கை வாபஸ் வாங்க நினைத்தாலும், பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்காமல் கோர்ட் அனுமதி தர முடியாது.

குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆகிவிட்டால், அரசு அப்பீல் போகும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவரே அப்பீல் போகலாம். புதிய சட்டத்தில் அது 413-வது பிரிவு. விடுதலை, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். தண்டனைக் காலம் போதவில்லை என்பதற்கு மட்டும் அரசுதான் போக வேண்டும். விடுதலையை எதிர்த்துப் போக முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போக்சோ நீதிமன்றத் தீர்ப்பு என்றால், கடலூர்க்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் போக வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்றம். அங்கும் இலவச சட்ட உதவிக் குழு உண்டு. தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் தாமதத்துக்குத் தனியாகக் காரணம் காட்ட வேண்டி வரும்.

இழப்பீட்டுக்குத் தண்டனை வரும் வரை பொறுக்க வேண்டாம். போக்சோ சிறப்பு நீதிமன்றம் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்த நேரத்திலும் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு பணம் தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆனாலும் குழந்தையின் மறுவாழ்வுக்காக இழப்பீடு தர நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நின்றுபோனால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்துக்குள் அவர்கள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.