வடநாட்டுக் குளிருக்குச் சின்ன காரில் கிளம்பும் முன்: நம்ம ஊர் வண்டிக்கு அங்கே என்ன விதி?

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நாம் தாண்டுகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தெற்கே தொப்பூர் வழியாகக் கன்னியாகுமரிக்கும் வடக்கே ஸ்ரீநகருக்கும் போகிறது. ஒரே சாலை. "நேராப் பிடிச்சா காஷ்மீர்தானே மாமா" என்று போன மார்கழியில் என் அக்கா மகன் தன் பழைய சின்ன காரைக் கிளப்பத் தயாராகிவிட்டான். ஓசூர் பக்கத்துத் தளியின் குளிரைப் பார்த்த தைரியம். அவனோடு உட்கார்ந்து வண்டிக் காகிதங்களைப் புரட்டியபோது ஒன்று புரிந்தது. பனி மலைக்கு முன்னாலேயே டெல்லியின் புகைக் காற்று நம்ம காரை நிறுத்திவிடும்.

டெல்லியிலும் சுற்று வட்டாரத்திலும் காற்று கெடும்போது 'கிராப்' என்ற படிநிலைத் திட்டம் அமலாகும். காற்றுத் தரக் குறியீடு 201ஐத் தொட்டால் முதல் நிலை, 301இல் இரண்டாவது, 401இல் மூன்றாவது, 450ஐத் தாண்டினால் நான்காவது. குளிர்காலத்தில் காற்று அசையாமல் புகை தரையோடு தங்கிவிடுவதால் மூன்றாம் நிலை வருவது பெரும்பாலும் அப்போதுதான். அந்த நிலையில், 'பாரத் ஸ்டேஜ்' (பிஎஸ்) என்ற வண்டிப் புகைத் தர வரிசையில் பழசான பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் டெல்லி, குருகிராம், ஃபரீதாபாத், காஜியாபாத், கௌதம புத்த நகர் ஆகிய இடங்களில் ஓடக் கூடாது. மாற்றுத் திறனாளிகள் சொந்த உபயோகத்துக்கு ஓட்டும் வண்டிக்கு விலக்கு உண்டு. டிஎன்-24, டிஎன்-29, டிஎன்-70 எண் என்பதற்காக யாரும் விடமாட்டார்கள். பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம்.

உங்கள் வண்டி எந்த பிஎஸ்? ஆர்சி புத்தகத்திலோ கார்டிலோ பாருங்கள், வாங்கிய வருஷத்தை வைத்து ஊகிக்காதீர்கள். பிஎஸ்-4 நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 முதல்தான். பெருநகரங்களில் 2010இலேயே வந்துவிட்டது. அதனால் 2013இல் தர்மபுரியில் வாங்கிய கார் பிஎஸ்-3 ஆகவும் இருக்கலாம், பிஎஸ்-4 ஆகவும் இருக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய புது வண்டி என்றால் பிஎஸ்-6, இந்தக் கவலை இல்லை. அக்கா மகன் கார் பிஎஸ்-3. முகம் சுருங்கிப் போனது.

"டெல்லிக்குள் போகாமல் சுற்றிப் போகிறேன்" என்றான். டெல்லிக்குத் தெற்கே பல்வலில் பிரிந்து, வடக்கே குண்ட்லியில் மறுபடி 44ஐப் பிடிக்க இரண்டு பக்கமும் விரைவுச்சாலை இருப்பது உண்மை. ஆனால் கிழக்குச் சாலை ஃபரீதாபாத், காஜியாபாத் வழியாகவும் மேற்குச் சாலை குருகிராம் மாவட்டம் வழியாகவும் போகிறது. இரண்டும் தடைப் பகுதிதான். அதனால் பிஎஸ்-3 பெட்ரோல், பிஎஸ்-4 டீசல் வைத்திருப்பவர்கள் ஆக்ராவிலேயே நின்று அன்றைய நிலையைப் பார்த்துவிட்டு நகர்வதுதான் சரி.

2025 டிசம்பரில் டெல்லி அரசு இன்னும் இறுக்கியது: காற்று மிக மோசமான நாட்களில், வெளியூரில் பதிவான பிஎஸ்-6 அல்லாத வண்டிகள் நுழையக் கூடாது, பியூசி என்ற புகைச் சான்றிதழ் இல்லாத வண்டிக்குப் பங்க்கில் எண்ணெய் கிடையாது. ஆகவே அந்தச் சான்றிதழை ஊரிலேயே புதுப்பித்து எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகளுக்கு அது ஒரு வருஷம் செல்லும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம்தான். காலாவதியாகி மாட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை போகும்.

லைசென்ஸ், இன்சூரன்ஸ் இரண்டும் இந்தியா முழுக்கச் செல்லும். டிஜிலாக்கரில் காட்டினாலும் ஏற்க வேண்டும். டோலுக்கு, 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் சொந்தக் கார்களுக்கு 200 பயணம் வரை உதவும். இவ்வளவு தூரத்துக்கு அது நல்ல லாபம்.

மணாலிப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு: ரோத்தாங் கணவாய்க்கு அனுமதிச் சீட்டு வேண்டும், குளிர்காலத்தில் அது மூடியே கிடக்கும். அதற்கு மாற்றாக மலைக்கடியில் போகும், 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதைக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. ஆனால் பனி விழுந்த நாளில், மணாலி தாண்டி வரும் சோலாங்கை ஒட்டியே போலீஸ் மறித்து, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை மட்டும் விடும். சின்ன காரை ஓரம் கட்டிவிட்டு உள்ளூர் டாக்ஸி பிடியுங்கள். சண்டை போட்டுப் பயனில்லை, அந்த வழுக்கலில் அவர்கள் சொல்வதுதான் நியாயம்.

விதிப் புத்தகத்தில் இல்லாத, ஆனால் நான் கெஞ்சிக் கேட்கிற ஒன்று உண்டு. நம்ம பக்கம் ரேடியேட்டரில் போர்த் தண்ணியை ஊற்றிப் பழகிவிட்டோம். அது பூஜ்ஜியம் டிகிரியில் உறைந்து, விரிந்து, இன்ஜினையே பிளந்துவிடும். கழுவிவிட்டு, உறையாத கூலன்ட் ஊற்றச் சொல்லுங்கள். டீசல் காரென்றால் மலையேறும் முன் அந்தப் பக்கத்துப் பங்க்கிலேயே நிரப்புங்கள். நம்ம ஊர் டீசல் கடுங்குளிரில் மெழுகாகக் கட்டிக்கொள்ளும். டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மட்டும் விதியே.

வேலை மாற்றலாகி வண்டியோடு அங்கேயே தங்குகிறவர்கள் 12 மாதத்துக்கு மேல் டிஎன் எண்ணில் ஓட்டக் கூடாது. இங்கே உங்கள் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அப்புறம் ஒன்று, ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது. வண்டியில் போகிறவர்களில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் எண் இருக்கட்டும்.